ரஷ்ய நாட்டுப்புறக் கதையை வெச்சு சென்ட் பண்றது: செடி பாட்டிலுக்குள்ள இருக்கணுமா, கதை இருந்தா போதுமா?

வோல்காக்கரை:
வணக்கம் மக்களே. நான் ரஷ்யாவுல யாரோஸ்லாவ்ல் பக்கம் இருக்கேன், சின்ன அளவுல சென்ட் கலக்கறேன், கடையெல்லாம் கிடையாது, தெரிஞ்சவங்களுக்குக் குடுக்கறது, கைவினைச் சந்தைன்னா ஒரு மேசை போடறது அவ்ளோதான். இப்போ இங்கத்த நாட்டுப்புறக் கதைகளையும் இங்க காட்டுலயும் சதுப்புலயும் தானா வளர்ற செடிகளையும் சேர்த்து ஒரு வரிசை பண்ணலாம்னு இறங்கிருக்கேன். இந்த ஐடியா புதுசு இல்ல, இங்க கொஞ்ச பேர் பண்றாங்க, ஆனா பாதிக்கு மேல என்ன ஆகுதுன்னா லேபிள்ல பாபா யாகா சூனியக்காரியோட கோழிக்கால் குடிசை, மூடியைத் திறந்தா வெனிலாவும் வெள்ளை மஸ்க்கும். அந்த ரூட் எனக்கு வேண்டாம்.

என் கணக்கு இது. கதைல அந்தச் செடி என்ன வேலை பாக்குதோ அதே வேலையை சென்ட்லயும் பாக்கணும். உதாரணத்துக்கு ருசால்கா. தண்ணில மூழ்கிச் செத்த பொண்ணுங்க, ஈஸ்டர் முடிஞ்சு ஏழு வாரம் கழிச்சு டிரினிட்டி பண்டிகை வரும்ல, அதை ஒட்டி கரையேறி வயல்லயும் காட்டுலயும் சுத்துவாங்க, ஆள் மாட்டினா கிச்சுகிச்சு மூட்டியே கொன்னுடுவாங்க. அந்த வாரம் வெளிய போறவங்க கைல பொலீன் வெச்சுக்கணும், எட்டியா கசக்கும், அப்சிந்த் சாராயத்துல போடற அதே செடி. தெற்கு ரஷ்யாவுலயும் உக்ரைன்லயும் சொல்ற கதைப்படி ருசால்கா எதிர்ல வந்து "கைல என்ன, பொலீனா பார்ஸ்லியா"ன்னு கேப்பா. பொலீன்னு சொன்னா ஓடிடுவா. பார்ஸ்லின்னு சொன்னா "என் செல்லமே"ன்னு கட்டிப்பிடிச்சு, அப்புறம் கிச்சுகிச்சுதான், வாயில நுரை தள்ளி சாகற வரைக்கும்.

சோ என் ருசால்கா சென்ட் முதல்ல பச்சையா, ஈரமா, பார்ஸ்லி விதை எண்ணெய் வாசனையோட வரணும், ஆள் கிட்ட வரணும். அஞ்சு நிமிஷம் கழிச்சு பொலீன் எந்திரிச்சு முகத்துல அடிக்கணும். போட்டுக்கறவங்களுக்கு இது பிடிக்குமா, இல்ல கைகழுவ ஓடுவாங்களான்னுதான் சந்தேகம். உங்க கருத்து சொல்லுங்க, திட்டினாலும் பரவால்ல.

சும்மா_வந்தேன்:
கிச்சுகிச்சு மூட்டிக் கொல்றதா, என்னங்க இது, எங்க ஊரு பேயெல்லாம் மல்லிப்பூ வாசனையோட மரியாதையா வரும் 😄

மூக்கன்:
வாசனைப் பொருள் லேப்ல வேலை பாக்கறேன், அதனால கொஞ்சம் கறாராவே சொல்றேன், கோச்சுக்காதீங்க மேடம். மூக்குக்குக் கதை தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது மூலக்கூறுதான். பொலீன் எண்ணெய்னா துஜோன், சபினைல் அசிடேட், கூட கமாசுலீன், அதனாலதான் சில லாட் எண்ணெய் கரும்பச்சையா, நீலமா வருது, ஸ்பிரிட்ல கலந்தா வெள்ளைச் சட்டைல கறை நிச்சயம். அதோட நீங்க சொல்ற மாதிரி "அஞ்சு நிமிஷம் கழிச்சு எந்திரிக்கணும்"ங்கறது அவ்ளோ சுலபம் இல்ல. துஜோன் லேசான சரக்கு, அது முதல்லயே பறந்து வந்துடும். பார்ஸ்லி விதைல இருக்கற ஏப்பியோலும் மிரிஸ்டிசினும் அதைவிட கனம், மெதுவாத்தான் போகும். ஆகமொத்தம் உங்க ருசால்கா பொலீனை முதல்ல பாத்துட்டு ஓடிப்போயிடுவா, அப்புறம் பார்ஸ்லி மட்டும் தனியா நிக்கும். கதை தலைகீழ்.

வோல்காக்கரை:
மூக்கன் சார், இதுக்குத்தான் இங்க வந்தேன். பார்ஸ்லி விதைக்குப் பதில் இலைப் பச்சை வாசனையை மேல வெச்சா? சிஸ்-3-ஹெக்செனால், புல் அறுக்கும்போது வர்றது, அது துஜோனை விட சீக்கிரம் போயிடும்ல. பொலீன் எண்ணெயைக் குறைச்சுட்டு காஞ்ச செடியையே ஸ்பிரிட்ல ஊறப்போட்டா கசப்புத்தனம் கீழயும் கொஞ்சம் தங்குது, அது நான் பாத்ததுதான். வாசனைல கசப்பு எப்படின்னு யாராவது கேப்பீங்க, பொலீன் காட்டுச் செடியை உள்ளங்கைல கசக்கி மோந்து பாருங்க, நாக்கு நுனி சுருங்கும்.

மரிக்கொழுந்து தெரியும்ல எல்லாருக்கும், அதுவும் ஆர்ட்டிமிசியாதான், பொலீனுக்கு நெருங்கின சொந்தம். ஆனா குணம் நேர் எதிர், மரிக்கொழுந்து தித்திப்பா, பழம் மாதிரி இருக்கும். மரிக்கொழுந்துல இருந்து தித்திப்பை உருவிட்டு அந்த இடத்துல மருந்துக்கடை, வெயில்ல காஞ்ச புழுதி, கற்பூரம் கொஞ்சம் போட்டா கிட்டத்தட்ட வந்துடலாம்.

மூக்கன்:
ஹெக்செனால் ஓகே. ஆனா என் பெரிய கேள்வி அப்படியே இருக்கு. கதை எதுக்கு? நல்ல பச்சைக் கசப்பு சென்ட்னு வித்தா ஆகாதா? 1882ல ஹூபிகான் கம்பெனிக்காக பால் பார்க்கே ஒரு சென்ட் பண்ணாரு, பேரே ராஜ பெரணி. பெரணிக்கு வாசனையே கிடையாது. லாவெண்டர், பாசி, கூமரின் எல்லாம் போட்டு, பெரணிக்கு வாசனை இருந்தா இப்படி இருக்கும்னு அவரே ஒண்ணை கட்டினாரு. இன்னிக்கு உலகத்துல பாதி ஆம்பளை சென்ட் அந்தக் குடும்பம்தான். செடியும் இல்ல, கதையும் இல்ல, ஓடிச்சா இல்லையா?

வோல்காக்கரை:
நீங்களே என் பந்தை எடுத்துக் குடுத்துட்டீங்க சார் 😀 பெரணிக்குப் பூவும் கிடையாது, ஆனா இங்க கதைல இருக்கு. இவான் குபாலா ராத்திரி, இப்போதைய காலண்டர்ல ஜூலை 6 ராத்திரி 7 விடியற வரைக்கும், நெருப்பு மூட்டி ஜோடி ஜோடியா தாண்டுவாங்க, பொண்ணுங்க பூ வளையத்தை ஆத்துல விடுவாங்க. அன்னிக்கு நடுராத்திரி ஒரே ஒரு நிமிஷம் காட்டுப் பெரணி பூக்கும், நெருப்பு மாதிரி ஜொலிக்கும், அதைப் பறிச்சவனுக்கு மண்ணுக்கடில இருக்கற புதையல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், மிருகம் பேசறது புரியும். ஆனா சும்மா பறிக்க முடியாது, தன்னைச் சுத்தி வட்டம் போட்டுட்டு உக்காந்து காத்திருக்கணும், பின்னாடி இருந்து என்ன சத்தம் வந்தாலும், அம்மா குரல்ல கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.

இப்போ பாருங்க. குபாலா முடிஞ்ச கையோட இங்க புல்லறுப்பு ஆரம்பிக்கும், அது பழைய வழக்கம். வயல் ஓரமா தோன்னிக்னு ஒண்ணு வளரும், மஞ்சப் பூ, தேனீக்கு உயிர். பச்சையா இருக்கும்போது பெருசா வாசனை இல்ல. அறுத்துக் காயப்போட்டா உள்ள சர்க்கரையோட கட்டுண்டு கிடக்கற பொருள் உடைஞ்சு கூமரினா மாறும், வைக்கோல், பாதாம், வெனிலா எல்லாம் கலந்த ஒரு வாசனை வயல் பூரா பரவும். நீங்க சொன்ன ராஜ பெரணிக்குள்ள இருக்கற அதே கூமரின். பாரிஸ்காரர் இல்லாத பெரணிக்கு கூமரின் போட்டாரு, இங்க இல்லாத பெரணிப் பூவைத் தேடி ஜனங்க காட்டுக்குள்ள போன அதே வாரத்துல வயல்ல கூமரின் காஞ்சுட்டு இருந்தது. நான் ஆய்வகக் கூமரினுக்குப் பதில் தோன்னிக் டிஞ்சர், அதாவது காஞ்ச செடியை ஸ்பிரிட்ல ஊறப்போட்டு எடுத்தது, அதை வெச்சு பெரணி கட்டப் போறேன், மேல நெருப்புப் புகை, கீழ ஈரப்புல். இது கதை இல்லாம தோணுமா சார்? எனக்குத் தோணிருக்காது.

மூக்கன்:
சரி இது நல்லா இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா டிஞ்சர்ல கூமரின் அளவு லாட்டுக்கு லாட் மாறும், அளந்துக்கோங்க, ஈயூல, அதாவது ஐரோப்பிய யூனியன்ல, விக்கறதா இருந்தா லேபிள்ல கூமரின்னு போடணும்.

பழையபுத்தகம்:
இந்த இழையைப் பாத்ததும் உள்ள நுழையாம இருக்க முடியல. எங்க வீட்டுல மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் போட்ட தமிழ் புத்தகம் ஒரு அலமாரி நிறைய, எல்லாம் என்.சி.பி.எச். புத்தகக் கண்காட்சில அப்பா வாங்கினது, வழவழ தாள், கலர் படம், விலையோ கொள்ளை மலிவு. பாபா யாகாவை எங்களுக்கு நம்ம ஊரு சூனியக்காரியை விட நல்லாத் தெரியும் 😂 உரல்ல உக்காந்து உலக்கையால தள்ளிட்டு துடைப்பத்தால தடத்தை அழிச்சுட்டே பறப்பா. வோல்கா அக்கா, உங்க வரிசைல பாபா யாகா உண்டா? அவ குடிசை என்ன வாசனை அடிக்கும்னு சின்ன வயசுல நிஜமாவே யோசிச்சிருக்கேன். எலும்பு வேலி, மண்டை ஓட்டுக்குள்ள வெளிச்சம், கூரைல தொங்கற மூலிகை, காளான்...

வோல்காக்கரை:
உண்டு தம்பி, அதான் முதல் பாட்டில். ஆனா குடிசை வாசனை இல்ல. எல்லாரும் அங்கதான் போறாங்க, பாசி, காளான், மண், ஒரு சொட்டு பச்சோலி, முடிஞ்சது பாபா யாகா. நான் கதையைத் திரும்ப படிச்சப்போ கவனிச்சது வேற. பையன் குடிசைக்குள்ள வர்றான், யாகா என்ன பண்றா? பாக்கறதில்ல, மோப்பம் பிடிக்கறா. "ஃபூ ஃபூ ஃபூ, ரஷ்ய வாடை அடிக்குதே"ன்னு மூக்கைச் சுளிக்கறா. ஒரு கதை இல்ல, எத்தனையோ கதைல இதே வரி. விளாதிமிர் ப்ராப்னு கதை ஆராய்ச்சிக்காரர் இதுக்கு சொல்ற விளக்கம், யாகா செத்தவங்க உலகத்து எல்லைல காவல் இருக்கறவ, செத்தவங்களுக்கு உயிரோட இருக்கறவன் வாடை ஆகாது, நமக்குப் பிண வாடை எப்படியோ அவங்களுக்கு நம்ம வாடை அப்படி. அவ ஹீரோ வந்ததைக் கண்டுபிடிக்கறது கண்ணால இல்ல, மூக்காலதான்.

அப்போ பாபா யாகா சென்ட்ல என்ன இருக்கணும்? அவ மூக்குக்கு எட்டினது இருக்கணும். அதாவது நாம. ரொம்ப தூரம் நடந்து வந்த ஆளோட தோல், வேர்வை, கோட்டுல ஒட்டின அடுப்புப் புகை, பைல இருக்கற கம்பு ரொட்டி. நாம போட்டுக்கறது நம்ம வாடையையே, ஆனா செத்தவ மூக்கு வழியா.

பழையபுத்தகம்:
அய்யோ. புல்லரிக்குது. வாங்கறேன், எவ்ளோன்னாலும் வாங்கறேன்.

மூக்கன்:
இதுக்கு என்ன சரக்கு போடறீங்க? வேர்வைக்கு சீரகமா?

வோல்காக்கரை:
சீரகம்தான். பீவர் சுரப்பி இங்க வேட்டைக்காரங்க கிட்ட கிடைக்குது, தோல் வாடைக்கு அதை அடிச்சுக்க எதுவும் இல்ல, எனக்குத்தான் மனசு ஒப்பல. சீரக எண்ணெய் வெயில்ல தோலைக் கருக்கும்னு இஃப்ரா, அதாவது சர்வதேச வாசனைப் பொருள் சங்கம், அளவு வெச்சிருக்கு, அதுக்குள்ள நின்னாலே வேர்வை வந்துடுது. ரொட்டிக்கு அசிட்டைல்பைரசின் கொஞ்சம், கூட கருஞ்சீரகம் இல்ல, கம்பு ரொட்டில போடற கேரவே, இங்க அது காட்டுலயே வளருது. புகைக்கு பெர்ச் தார்.

அத்தர்பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. நான் திருவல்லிக்கேணில அத்தர் வியாபாரம், நமக்கு ரஷ்யா சரக்கு அவ்ளோ பழக்கம் இல்ல. பெர்ச்னு சொல்றது பூர்ஜ மரம்தானே. என்கிட்ட ஒருத்தர் பெர்ச் எண்ணெய்னு குடுத்தாரு, அது சுத்தமா வலித் தைலம் வாசனை, இதைப் போட்டு எப்படி ரஷ்யாக் காடு கொண்டு வர்றது?

வோல்காக்கரை:
வாலைக்கும் சலாம் பாய். அது வேற மரம். அமெரிக்காவுல வளர்ற இனிப்பு பெர்ச், அதோட பட்டைல மெத்தில் சாலிசிலேட், அதான் தைலம் வாடை. ரஷ்யாவுல வெள்ளைத் தோலோட நிக்குமே, படத்துல எல்லாம் வருமே, அது வேற இனம், அதுல அந்த வாடை கிடையாது. இதுல இருந்து மூணு விதமா வாசனை எடுக்கலாம், மொட்டு எண்ணெய் ஒண்ணு, தேன் மெழுகு மாதிரி மெத்துனு. இலை ஒண்ணு, அதை அப்புறம் சொல்றேன். பட்டைத் தார் ஒண்ணு.

தார் எடுக்கறது காத்தே படாம பட்டையைச் சுடறது. பழைய முறைல பானை நிறைய பட்டையைத் திணிச்சு, அடில ஓட்டை போட்டு, குழில இருக்கற இன்னொரு பானை மேல வெச்சு, சுத்தி நெருப்பு. கீழ கருப்பா, பளபளன்னு சொட்டும். வண்டி அச்சுக்கு, பூட்ஸுக்கு, மாட்டுப் புண்ணுக்கு, எல்லாத்துக்கும் அதான். ஊர்ல ஒரு பொண்ணைப் பத்தி அசிங்கமா பேசணும்னா ராத்திரியோட ராத்திரி அவ வீட்டுக் கேட்ல தார் பூசிட்டுப் போயிடுவாங்க, விடிஞ்சா ஊரே பாக்கும், எவ்ளோ தேச்சாலும் வாடை போகாது. கொடுமை. இந்தச் சரக்கைத் தொடும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும், அதனால "கிராமத்து மணம்"னு இதை அழகுபடுத்திப் பேச எனக்கு வாய் வராது.

அத்தர்பாய்:
லா ஹவுல... மனுசங்க எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல. ரஷ்யத் தோல்னு ஒரு சென்ட் வகை இருக்கே, அதுவும் இந்தத் தார்தானா?

மூக்கன்:
அதேதான் பாய். யுஃப்த்னு தோல், வில்லோ பட்டைல பதம் பண்ணி பெர்ச் தார் எண்ணெய் ஊட்டறது, பூச்சி அண்டாது, ஈரம் இறங்காது. ஐரோப்பாவுல புத்தக பைண்டிங்குக்கு அடிச்சுப்பிடிச்சு வாங்கினாங்க. 1786 டிசம்பர்ல மெட்டா கத்தரீனான்னு ஒரு டேனிஷ் கப்பல் பீட்டர்ஸ்பர்க்ல இருந்து ஜெனோவாவுக்கு ரெயின்டீர் தோல் கட்டு ஏத்திட்டுப் போகும்போது இங்கிலாந்து ப்ளிமத்ல புயல்ல மூழ்கிடுச்சு. 1973ல முக்குளிக்கறவங்க அதைக் கண்டுபிடிச்சு சேத்துல இருந்து தோலை மேல எடுத்தா, கெடல. கழுவி பதம் பண்ணி ஷூ, பர்ஸ் எல்லாம் தைச்சு வித்தாங்க. சுமார் 190 வருஷம் கடலுக்கடில.

அந்த வாசனையை சென்ட்டா கட்டினதுல பேர் போனவர் எர்னஸ்ட் போ, சானல் நம்பர் 5 பண்ணவர், அவர் பிறந்ததே மாஸ்கோ, ராலே சென்ட் கம்பெனில தொழில் கத்தவர்.

வோல்கா மேடம், கச்சாத் தார் போடாதீங்க, தயவுசெய்து. அதுல பென்சோபைரீன் மாதிரி புகைக்கரி சமாச்சாரம் எல்லாம் இருக்கு, கேன்சர் விவகாரம். சுத்திகரிச்ச தார் மட்டும்தான், அதுலயும் கடைசிப் பொருள்ல அந்த மாதிரி கரிச் சேர்மம் நூறு கோடில ஒரு பங்கைத் தாண்டக் கூடாதுன்னு இஃப்ரா விதி. கிராமத்துச் சந்தைல தாத்தா விக்கற பாட்டில் ஆகாது.

இயற்கை_மட்டும்:
எனக்கு இந்த இழையே கஷ்டமா இருக்கு. நாட்டுப்புறக் கதைன்னு சொல்லிட்டு ஹெக்செனால், அசிட்டைல்பைரசின்னு கெமிக்கல் போடறது ஏமாத்து வேலை இல்லையா? அந்தக் காலத்துல பாட்டிமாருங்க போட்டதெல்லாம் சுத்தமான மூலிகை. செடில இருந்து எடுத்தா போடுங்க, இல்லைன்னா அதுக்கு வேற பேர் வைங்க.

கோமதி_சித்தா:
இயற்கைன்னா சாதுன்னு நினைக்காதீங்கப்பா. நான் சித்தா படிச்சவ. இப்பதான் வோல்கா சொன்ன பொலீன்லயே துஜோன் இருக்கு, அளவு மீறினா வலிப்பு வரும். வோல்கா, உங்க ஊர் சதுப்புல வசம்பு இருக்குமே, அதைப் பயன்படுத்தறீங்களா?

வோல்காக்கரை:
இருக்குங்க டாக்டர், ஆத்தோரம் பூரா. டிரினிட்டி பண்டிகைக்கு தெற்குப் பக்கம் வீட்டுத் தரைல வசம்பு இலையைப் பரப்புவாங்க, மிதிக்க மிதிக்க வாசனை வரும், சுவத்துல பெர்ச் கிளை செருகுவாங்க. தாத்தாரியர்தான் இதைக் கொண்டு வந்தாங்கன்னு ஒரு பேச்சு, குதிரைப்படை போற வழில தண்ணில வேரை எறிவாங்களாம், முளைச்சா தண்ணி நல்லதுன்னு அர்த்தமாம். இதோட வாசனை எனக்கு ரொம்ப இஷ்டம், பால், தோல், கொஞ்சம் இஞ்சி, ஈரமான மரம். ருசால்காவுக்கு அடில இதைத்தான் யோசிக்கறேன்.

கோமதி_சித்தா:
அங்க கிடைக்கற வசம்பும் நம்ம வசம்பும் பேர்தான் ஒண்ணு. ஐரோப்பால, ரஷ்யால பரவிக் கிடக்கறது குரோமோசோம் மூணு தொகுதி உள்ளது, விதையே வைக்காது, வேர்ல இருந்துதான் பரவும், எண்ணெய்ல வர்ற பீட்டா அசரோன்ங்கற பொருள் அதுல கம்மி. நம்ம நாட்டுல நாலு தொகுதி உள்ளது, எண்ணெய்ல பெரும்பங்கு பீட்டா அசரோன்தான். எலிங்களுக்குக் குடுத்து பாத்ததுல கட்டி வந்ததுனாலதான் அமெரிக்காவுல 1968லயே சாப்பாட்டுல சேர்க்கத் தடை போட்டாங்க. பிள்ளைக்கு வசம்பை சுட்டு உரசி நாக்குல வெக்கற பழக்கத்தை நாங்களே இப்ப வேண்டாம்னுதான் சொல்றோம். அதனால ஆன்லைன்ல மலிவா கிடைக்குதுன்னு இந்திய வசம்பு எண்ணெயை ரஷ்யக் கதைக்குள்ள ஊத்திடாதீங்க.

மூக்கன்:
டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன், அசரோனைத் தனியா சேர்க்கவே கூடாதுன்னு இஃப்ரா சொல்லுது, வசம்பு எண்ணெய் வழியா வர்றதுக்கும் மிகச் சின்ன வரம்புதான். ரஷ்ய எண்ணெயே வாங்கினாலும் ஜிசி ரிப்போர்ட் (எண்ணெய்ல என்னென்ன எவ்ளோ இருக்குன்னு பிரிச்சுக் காட்டற லேப் சோதனை) இல்லாம தொடாதீங்க.

வோல்காக்கரை:
நோட் பண்ணிக்கிட்டேன் ரெண்டு பேரும் சொன்னதை.

இயற்கை_மட்டும் அவங்களுக்கு: பாட்டிமாருங்களும் எல்லாச் செடியையும் நம்பல, கதையே அதுக்கு சாட்சி. சதுப்புல பகூல்னிக்னு ஒரு புதர், வெள்ளைப் பூ, பூத்த சமயம் அந்தப் பக்கம் கிரான்பெரி, ப்ளூபெரி இடத்துக்குப் போனா தலை பாரமா வலிக்கும், மயக்கம் வரும். அதுல இருக்கற லெடால் வேலை அது. துணிக்குப் பூச்சி வராம வெக்கறதுக்கு வீட்டுல வெச்சிருப்பாங்க, ஆனா படுக்கற ரூம்ல வெக்க மாட்டாங்க. சதுப்புல கிகிமோராங்கற பேய் இருக்கா, வழி மறக்க வெப்பான்னு பிள்ளைங்களை மிரட்டினது சும்மா இல்லன்னு நான் நினைக்கறேன். கிகிமோரா சென்ட்ல அந்தச் செடி ஒரு சொட்டுகூட இருக்காது, தலைவலியை பாட்டில்ல விக்க எனக்கு விருப்பம் இல்ல. அந்தக் கற்பூர வாடையை வேற சரக்குல கட்டறேன், நீங்க அதை ஏமாத்துன்னு சொன்னா சரி.

இன்னொண்ணு, லில்லி ஆஃப் த வேலி. சாத்கோங்கற பாட்டுக்காரன் கதைல கடல் ராஜா பொண்ணு வோல்ஹோவா, சாத்கோ வேற ஒருத்தியை விரும்பறான்னு தெரிஞ்சதும் கரைல உக்காந்து அழுத கண்ணீர்தான் அந்தப் பூன்னு சொல்வாங்க. அழகான கதை. அந்தப் பூவுல இருந்து விக்கற அளவுக்கு எண்ணெய் எடுக்கவே முடியாது, இன்னிக்கு வரைக்கும். சோவியத் காலத்துல வீட்டுக்கு வீடு இருந்த வெள்ளி லில்லி சென்ட்கூட லேப்ல கட்டினதுதான், அதை மோந்து அழற பாட்டிங்களை நான் பாத்திருக்கேன், அவங்க கிட்ட போய் இது ஏமாத்துன்னு சொல்லுங்க பாப்போம்.

மூக்கன்:
அந்தப் பூவைக் கட்டறதே இப்ப பாதி கஷ்டம், அந்த வாசனைக்குப் போடற லிலியால் 2022 மார்ச்ல இருந்து ஈயூல தடை, அதே மாதிரி லைரல் அதுக்கு முன்னாடியே போச்சு.

இயற்கை_மட்டும்:
சரிங்க, நான் என் கருத்தைச் சொன்னேன். ஆனா லேபிள்ல இயற்கைன்னு மட்டும் போடாதீங்க.

வோல்காக்கரை:
போட மாட்டேன். அதுல உங்க பக்கம்தான் நான்.

நெய்தல்_குமார்:
லேட்டா வந்தேன், ஒரு சந்தேகம். ரஷ்ய சென்ட்னா பிரெஞ்சுக்காரன் போட்டதுதானே? ப்ரோகார், ராலே எல்லாம் பிரெஞ்சு ஆளுங்க. அப்புறம் என்ன நாட்டுப்புறம்?

வோல்காக்கரை:
ஃபேக்டரி வெச்சது அவங்கதான் குமார். ப்ரோகார் 1864ல மாஸ்கோல ஆரம்பிச்சாரு, 1882 கண்காட்சில தண்ணிக்குப் பதில் பூ கொலோன் ஓடற நீரூற்றே வெச்சு, ஜனங்க கோட்டை, தொப்பியை எல்லாம் கழட்டி அதுக்குள்ள முக்கினாங்க. புரட்சிக்கு அப்புறம் அரசாங்கம் எடுத்து நோவயா ஸர்யா ஆச்சு. ஆனா பாட்டில் வாங்கக் காசு இல்லாத விவசாயிக்கு வாசனை இல்லாம போச்சா? அவன் வாசனை பூரா பான்யால இருந்தது, ஆவிக் குளியல் ரூம். அதைப் பத்திதான் எனக்கு எழுதணும், அப்புறம் சொல்றேன்னு சொன்ன பெர்ச் இலை விஷயமும் இதுதான்.

பான்யாவுல பெர்ச் கிளையைக் கட்டு கட்டி உடம்புல அடிச்சுப்பாங்க, பேரு வேனிக். டிரினிட்டிக்கு அப்புறம் வெட்டினாதான் இலை உதிராது, நல்லா மெத்துனு இருக்கும்னு கணக்கு. நிழல்ல காய வெச்சு குளிர்காலத்துக்கு மேல்மாடில தொங்க விடுவாங்க. காஞ்ச வேனிக்கை வெந்நீர்ல முக்கின அந்த நொடி, ஜனவரி மாசம் வெளிய மைனஸ் இருபத்தஞ்சு, உள்ள ஜூன் மாசக் காடு எந்திரிக்கும். இலை, தேன், டீத்தூள், கொஞ்சம் பிசின். அப்புறம் கல்லு மேல தண்ணிக்குப் பதிலா க்வாஸ் ஒரு கரண்டி ஊத்துவாங்க, கம்பு ரொட்டி புளிக்க வெச்ச பானம், அது சுர்ர்னு ஆவியாகி ரூமே ரொட்டிச் சூளை ஆகிடும். பழைய மாதிரி பான்யான்னா புகைபோக்கியே கிடையாது, புகை ரூமுக்குள்ளயே சுத்தி கதவு வழியா போகும், சுவர் கருகருன்னு கரி, அதுல சாய்ஞ்சா முதுகுல அப்பிக்கும்.

இந்த ரூமுக்கு ஒரு ஆள் காவல், பான்னிக். சின்ன உருவம், உடம்பு பூரா ஈர இலை ஒட்டிருக்கும்னு சொல்வாங்க, கோவக்காரன். நடுராத்திரிக்கு மேல போகக் கூடாது, தனியா போகக் கூடாது, எல்லாரும் குளிச்சு முடிச்சா கடைசி ஆவியை அவனுக்குன்னு விட்டுட்டு வரணும், கொஞ்சம் சோப்பு, வெந்நீர், ஒரு வேனிக்கோட. மறந்தா வெந்நீரைக் கொட்டி விடுவான், மூச்சு முட்ட வெப்பான். கார்பன் மோனாக்சைடுல செத்தவங்க கதைதான் இப்படி ஆச்சோ என்னமோன்னு எனக்கு ஒரு நினைப்பு, அதை நிரூபிக்கறது என் வேலை இல்ல.

சென்ட்டா இது எப்படின்னா, ஆளுங்க குளிச்சிட்டுப் போனதுக்கு அப்புறம் இருக்கற வாசனை. பான்னிக் பங்கு. நனைஞ்ச இலை, ஆறின கல்லு, சோப்பு மிச்சம், சுவத்துக் கரி, க்வாஸ் புளிப்பு. பெர்ச் இலை எண்ணெய் கடைல கிடைக்கறது நோஞ்சானா இருக்கு, அதனால காஞ்ச வேனிக் இலையையே ஊற வெக்கறேன், அதோட டீ அப்சொல்யூட் (டீ இலைல இருந்து எடுத்த அடர்த்தியான வாசனைச் சாறு) கொஞ்சம். காட்டுக்கு சைபீரிய ஃபிர் எண்ணெய், இங்க மருந்துக்கடைக்கு மருந்துக்கடை விக்கும், போர்னைல் அசிடேட் நிறைய இருக்கறதால பைன் மாதிரி குத்தாம குளுமையா இருக்கும்.

மூக்கன்:
ரொட்டிக்கு அசிட்டைல்பைரசின் மட்டும் போட்டா பாப்கார்ன் ஆகிடும் மேடம், கவனம். கம்பு ரொட்டி புளிப்புக்கு அசிட்டிக் ஆசிட் ஒரு துளிக்கும் துளி. நிஜ ரொட்டி மேலோட்டு வாசனை 2-அசிட்டைல்-1-பைரோலின், பாஸ்மதிலயும் ரம்பை இலைலயும் இருக்கற அதே பொருள், ஆனா அது பாட்டில்ல தங்காது, உடைஞ்சுடும்.

நெய்தல்_குமார்:
ரஷ்யா கொத்தமல்லி எக்கச்சக்கமா விளைவிக்குதுன்னு கேள்விப்பட்டேன், அது உங்க வரிசைல வராதா?

வோல்காக்கரை:
கதைல வராது, பாட்டில்ல வரும். வோரோனெஜ், பெல்கோரத் பக்கம் விளையற சின்ன விதை ரகத்துல எண்ணெய் நம்ம ஊரு பெரிய விதையை விட பல மடங்கு, அதுல பெரும்பங்கு லினலூல்ங்கற வாசனைப் பொருள். பான்யால சோப்பு வாசனை அதுலதான் கட்டறேன்.

அத்தர்பாய்:
தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன். அந்த குளிச்சு முடிச்ச ரூம் சென்ட்தான் உனக்கு நிக்கும். யாகா சென்ட் பேசறதுக்கு நல்லா இருக்கு, ஆனா வேர்வை வாடைக்குக் காசு குடுக்கறவன் பத்துல ஒருத்தன்.

பழையபுத்தகம்:
பாய், அந்த ஒருத்தன் நான்தான் 😭

வோல்காக்கரை:
பாய் சொல்றது வியாபாரத்துக்கு சரி. ஆனா ரெண்டும் போடுவேன். ருசால்கா மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வெக்கறேன், ஜூன்ல பொலீனையும் வசம்பையும் நானே வெட்டி, ரிப்போர்ட் எடுத்து, மேல பச்சையைச் சரி பண்ணிட்டு. மூக்கன் சார், சுத்திகரிச்ச தார் கரைசல் பத்து சதவீதமா வாங்கினா யாகாவுல எவ்ளோல ஆரம்பிக்கலாம்?

மூக்கன்:
சப்ளையர் கிட்ட இஃப்ரா சான்றிதழ் கேட்டு வாங்குங்க, அதுல எந்த வகைக்கு எவ்ளோன்னு இருக்கும். அது ஒருபக்கம். மூக்குக்குன்னா அந்தக் கரைசலை மொத்த கலவைல அரை சதவீதம் வெச்சு ரெண்டு வாரம் மூடி வைங்க. முதல் நாள் மோந்துட்டு பத்தலைன்னு ஏத்தாதீங்க, தார் ஊற ஊறத்தான் மேல வரும், அப்புறம் எதைப் போட்டாலும் இறங்காது. சீரகத்தை அதுக்கு அப்புறம் தொடுங்க.

சும்மா_வந்தேன்:
அக்கா பார்ஸ்லி சென்ட் வந்தா சொல்லுங்க, எங்க ஹெச்.ஆருக்கு ஒரு பாட்டில் கிஃப்ட் குடுக்கணும்